பாதியில் ஏன் பிளானை மாற்றுகிறார்கள்? தலை, கழுத்துப் புற்றுநோய்க் கதிர்சிகிச்சை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெஸ்தாரி ஜெயாவிலும் (பெயர் மாறிப் பல வருடம் ஆகியும் நம் வாயில் பத்தாங் பெர்ஜுந்தைதான் வருகிறது) சுற்றியுள்ள தோட்டங்களிலும் வாய், நாக்கு, தொண்டைப் புற்றுநோய் வந்தவர்கள் கதிர்சிகிச்சைக்குப் பெரும்பாலும் புத்ராஜெயாவுக்கோ கோலாலம்பூருக்கோ போய் வருகிறார்கள். ஏழு வாரச் சிகிச்சை. மூன்றாவது, நான்காவது வாரத்தில் ஒருநாள், "மறுபடி ஸ்கேன் எடுக்கணும், மாஸ்க் புதுசா செய்யணும், பிளானை மாத்தணும்" என்று சொல்லி அனுப்புவார்கள். அன்றைக்கு அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது.

நான் இந்த ஊர்க்காரி. கதிர்சிகிச்சைப் பிரிவில் ஜூரு எக்ஸ்ரே, அதாவது கருவியை இயக்கும் வேலை. கோயிலிலும் கல்யாண வீட்டிலும் பசார் மாலாமிலும் என்னை நிறுத்திக் கேட்கப்படும் கேள்விகளைத்தான் இங்கே சேர்த்திருக்கிறேன். உங்கள் உடம்புக்கு எது சரி என்று உங்கள் டாக்டர்தான் சொல்ல முடியும். அவரிடம் என்ன கேட்கலாம், எதைச் சொல்லாமல் விடக்கூடாது என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

பிளான் பிளான் என்கிறார்களே, அது என்ன?

சிகிச்சை தொடங்கும் முன் ஒருநாள் உங்களைத் தட்டையான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைத்து, வெந்நீரில் இளகிய பிளாஸ்டிக் வலையை முகத்தின் மேலும் தோளின் மேலும் அழுத்தி மாஸ்க் செய்தார்கள் இல்லையா? அது இறுகியதும், அதைப் போட்டபடியே சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு ஒரு படம். அந்தப் படங்கள் ஒவ்வொன்றிலும் டாக்டர் கட்டி எங்கே, அதைச் சுற்றி நோய் பரவியிருக்கக்கூடிய இடம் எங்கே, காப்பாற்ற வேண்டிய உறுப்புகள் எங்கே என்று கோடு போடுவார். மருத்துவ இயற்பியலாளர் என்று ஒருவர் இருக்கிறார். நோயாளிகள் அவரைப் பார்ப்பதே இல்லை, ஆனால் பாதி வேலை அவருடையது. எந்தக் கோணத்தில் இருந்து எவ்வளவு கதிர் என்று அவருடைய குழு கணினியில் கணக்குப் போடும். அந்த முழுக் கணக்குக்குப் பெயர்தான் பிளான்.

அளவைக் 'கிரே' என்ற அலகில் சொல்வோம். அறுவை இல்லாமல் கதிரிலேயே குணப்படுத்தப் பார்ப்பவர்களுக்கு வழக்கமாக 70 கிரே. வாரத்துக்கு ஐந்து நாளாக 33 முதல் 35 தடவை. அறுவைக்குப் பிறகு என்றால் 60 முதல் 66 கிரே, 30 முதல் 33 தடவை. அதே நேரத்தில் தண்டுவடத்துக்கு 45 முதல் 50 கிரேக்கு மேல் எந்தப் புள்ளியிலும் போகக்கூடாது. காதுக்கு முன்னும் கீழும் இருக்கும் பரோட்டிட் உமிழ்நீர்ச் சுரப்பிக்குச் சராசரியாக 26 கிரேக்குள் நிறுத்த முடிந்தால் உமிழ்நீர் ஓரளவு திரும்பி வரும். இவையெல்லாம் கட்டியில் இருந்து ஒரு விரல் அகலத்தில், சில சமயம் அதற்கும் குறைவான தூரத்தில் இருக்கின்றன. பால் மரம் சீவியவர்களுக்கு இது நன்றாகப் புரியும்: இந்த ஆழம் வரை சீவினால் பால், அதற்கு மேல் நூலளவு போனாலும் மரத்துக்குக் காயம்.

அவ்வளவு நுணுக்கமாகப் போட்ட பிளானை எதற்கு மாற்ற வேண்டும்?

அது ஸ்கேன் எடுத்த அன்று இருந்த உடம்புக்குப் போட்ட கணக்கு என்பதால்தான். நான்காவது வாரத்தில் படுக்கையில் படுப்பவருடைய கழுத்து அதே கழுத்தாக இருக்காது.

கழுத்தில் எலுமிச்சை அளவுக்கு இருந்த நெறிக்கட்டி கரைந்திருக்கும். வாய் புண்ணாகி, விழுங்க முடியாமல், எடை இறங்கியிருக்கும். கன்னமும் கழுத்தும் ஒட்டியிருக்கும். அறுவை முடிந்து வந்தவர் என்றால் அப்போது இருந்த வீக்கம் வடிந்திருக்கும். உமிழ்நீர்ச் சுரப்பிகளும் கதிர் பட்டுச் சுருங்கும்.

அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையில் 14 நோயாளிகளைச் சிகிச்சைக் காலம் முழுக்கத் திரும்பத் திரும்ப ஸ்கேன் எடுத்துப் பார்த்து, 2004-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். கட்டி ஒவ்வொரு சிகிச்சை நாளிலும் ஏறக்குறைய 1.8 சதவீதம் சுருங்கியது. பரோட்டிட் சுரப்பிகளும் சுருங்கி, சிகிச்சை முடிவதற்குள் சுமார் 3 மில்லிமீட்டர் உள்பக்கமாக நகர்ந்திருந்தன. எடை எவ்வளவு குறைந்ததோ, அதற்கேற்ப நகர்வும் கூடியது.

3 மில்லிமீட்டர் என்ன பெரிசு என்று தோன்றும். ஆனால் அது நகரும் திசையைப் பாருங்கள். உள்பக்கம் என்றால் கட்டி இருக்கும் பக்கம், கதிர் அதிகமாக விழும் பக்கம். காப்பாற்ற நினைத்த சுரப்பி தானாகவே கதிருக்குள் போகிறது. 2006-ல் கலிபோர்னியாவில் இருந்து வந்த இன்னொரு ஆய்வில், பிளான் மாற்றப்பட்ட 13 பேருக்குப் பழைய பிளானையே தொடர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்கிட்டார்கள். 13 பேருக்கும் தண்டுவடத்தில் விழும் உச்ச அளவு கூடியது. சிலருக்குக் கொஞ்சம், சிலருக்கு ஆபத்தான அளவு. பெரும்பாலானவர்களுக்குக் கட்டிக்குப் போகும் அளவோ குறைந்தது.

பிளான் மாற்றுகிறார்கள் என்றால் நோய் முற்றிவிட்டது என்று அர்த்தமா?

பெரும்பாலும் இல்லை. சொல்லப்போனால் கட்டி வேகமாகக் கரைந்ததால் மாற்ற வேண்டியவர்களே நிறையப் பேர். வீட்டில் அழுதுகொண்டிருப்பார்கள், உள்ளே டாக்டர் படத்தைப் பார்த்து, "நல்லா கரைஞ்சிருக்கு" என்று சொல்லிக்கொண்டிருப்பார். அந்தச் சேதி வெளியே வந்து சேர்வதில்லை.

சிகிச்சைக்கு நடுவிலேயே கட்டி வளர்வதும் எப்போதாவது உண்டு. அதற்காகவும் பிளான் மாற்றலாம். அதனால் ஊகிக்காமல் நேராகக் கேட்டுவிடுங்கள்: "கட்டி கரைஞ்சதாலயா, உடம்பு இளைச்சதாலயா, வேற காரணமா?" இந்த ஒரு கேள்விக்கு எந்த டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அப்படியென்றால் முதல் பிளான் தப்பாகப் போட்டதா?

இல்லை. அன்றைய உடம்புக்கு அது சரியான பிளான்தான்.

உடம்பு மாறியது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

பல வழிகள். சிகிச்சைக் கருவியிலேயே ஒரு ஸ்கேனர் இருக்கிறது. கோன்பீம் சி.டி. என்பார்கள். கதிர் கொடுப்பதற்கு முன் அதில் ஒரு படம் எடுத்து, முதல்நாள் சி.டி.யோடு ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்போம். சில இடங்களில் தினமும், சில இடங்களில் முதல் சில நாளும் பிறகு வாரம் ஒருமுறையும். எலும்பு பொருந்தும், ஆனால் தோலின் கோடு உள்ளே போயிருக்கும். அந்த இடைவெளி பெரிதாகிக்கொண்டே போனால் டாக்டருக்கும் இயற்பியலாளருக்கும் சொல்லி அனுப்புவோம். அன்றைய படத்தின் மேல் பழைய பிளானைப் போட்டு, எங்கே எவ்வளவு விழுகிறது என்று திரும்பக் கணக்கிடுவார்கள். வாராவாரம் எடை பார்ப்பதும் இதற்குத்தான். தொடங்கிய அன்று இருந்த எடையில் 10 சதவீதம் போய்விட்டது, அதாவது 60 கிலோ இருந்தவர் 54-க்கு வந்துவிட்டார் என்றால், பல இடங்களில் பிளானை ஒருமுறை எடுத்துப் பார்ப்பார்கள்.

ஆனால் இத்தனை கருவிகளுக்கும் முன்னால் தெரிந்துகொள்பவர் மாஸ்க்குக்குள் படுத்திருப்பவர். நம் ஆட்களிடம் எனக்கு இருக்கும் வருத்தம் இதில்தான். முன்பு கன்னத்தில் கட்டம் கட்டமாக அச்சு விழும் அளவுக்கு இறுக்கமாக இருந்த மாஸ்க், இப்போது தலையை ஆட்டும் அளவுக்கு லூசாக இருக்கும். ஐயா வாயே திறக்க மாட்டார். கேட்டால், "லூசானா நல்லதுதானே ஆயி, மூச்சு முட்டல" என்பார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு கைகட்டி நின்ற தலைமுறை அது. பெரியவர்கள் முன்னால் குறை சொன்னால் மரியாதைக் குறைவாகிவிடும் என்று நினைக்கிறார்கள். "டாக்டருக்குத் தெரியாதா" என்பார்கள். டாக்டர் உங்களை வாரத்தில் ஒருநாள் பார்க்கிறார். மாஸ்க்குக்குள் தினமும் இருப்பவர் நீங்கள்.

ஆகவே இவற்றில் எது நடந்தாலும் அன்றைக்கே, படுக்கையில் ஏறும் முன்பே, கருவி இயக்குபவரிடம் சொல்லுங்கள்: மாஸ்க்குக்குள் முகவாய் அசைகிறது, கழுத்துக்கும் மாஸ்க்குக்கும் நடுவில் விரல் போகிறது, சட்டைக் காலர் தொளதொளக்கிறது, பல்செட் நிற்கவில்லை, கழுத்துக்கட்டி சட்டென்று சின்னதாகிவிட்டது, அல்லது பெரிதாகிவிட்டது. மூக்கு வழியாகவோ வயிற்றிலோ குழாய் வைத்தார்கள், தொண்டையில் துளை போட்டார்கள் என்றால் அவர்களுக்கே தெரிந்திருக்கும் என்று விட்டுவிடாதீர்கள். வேறு மருத்துவமனையில் வைத்திருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும்.

மலாய் சரியாக வராது. எப்படிச் சொல்வது?

தமிழ் தெரிந்த ஊழியர் யாராவது இருக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள்; பெரும்பாலும் யாராவது இருப்பார்கள். இல்லாவிட்டால் இந்த மூன்று வாக்கியம் போதும். "தொப்பெங் சாயா லொங்கார்" என்றால் என் மாஸ்க் லூசாக இருக்கிறது. "பெராட் பாடான் சாயா துரூன்" என்றால் என் எடை குறைந்துவிட்டது. "சாயா சூசா தெலான்" என்றால் எனக்கு விழுங்கக் கஷ்டமாக இருக்கிறது. பேரப்பிள்ளையை விட்டு ஒரு தாளில் எழுதி ஐ.சி.யோடு வைத்துக்கொண்டாலும் சரி. தாளை நீட்டினால் போதும்.

மாஸ்க் லூசாவதற்குப் பதிலாக இறுக்கமாகிவிட்டால்?

அதுவும் நடக்கும். முகம் வீங்கலாம், கீமோவோடு கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்தால் கன்னம் உப்பலாம். பல்லைக் கடித்துக்கொண்டு படுக்காதீர்கள். மூச்சு விடச் சிரமம் என்றால் கையைத் தூக்குங்கள், கேமராவில் பார்த்துக்கொண்டுதான் இருப்போம்.

தைப்பூசத்துக்கு முடி இறக்க நேர்ந்திருக்கிறோம். விரதமும் இருக்கலாமா?

ஒவ்வொரு வருடமும் ஜனவரி நெருங்கினால் வரும் கேள்வி. முடி இறக்குவதாக இருந்தால் மாஸ்க் செய்வதற்கு முன்பே இறக்கிவிடுங்கள், இல்லையென்றால் சிகிச்சை முழுக்க முடிந்த பிறகு. தலையில் அடர்த்தியான முடியோடு மாஸ்க் செய்துவிட்டு, நடுவில் மொட்டை போட்டால் மாஸ்க்குக்குள் தலை புரளும். தாடிக்கும் இதே கதைதான். மாஸ்க் செய்த அன்று முகம் எப்படி இருந்ததோ அப்படியே ஏழு வாரமும் வைத்துக்கொள்வது நல்லது.

விரதத்தில் சைவம் பிரச்சினையே இல்லை. பருப்பு, பால், தயிர், தவ்வு, தெம்பே என்று புரதம் போகட்டும். ஒருவேளைச் சாப்பாடு, பட்டினி என்றால் வேண்டாம். இந்த ஏழு வாரத்தில் இறங்கும் ஒவ்வொரு கிலோவும் அந்தப் பிளானைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செல்லாததாக்குகிறது. கன்னத்திலும் நாக்கிலும் அலகு குத்துவது அறவே கூடாது. கதிர் பட்ட வாய்த்தோல் லேசில் ஆறாது, கீமோவும் சேர்ந்திருந்தால் வெள்ளை அணுக்கள் குறைந்து கிருமி எளிதில் ஏறும். நேர்த்திக்கடனை அடுத்த வருடம் செலுத்துகிறேன் என்று முருகனிடம் சொல்லிக்கொள்ளலாம். அவர் மருத்துவமனைக் கால அட்டவணை அளவுக்குக் கண்டிப்பானவர் அல்ல.

தாலி பற்றியும் அக்காமார்கள் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். கழுத்துக்குச் சிகிச்சை என்றால் உலோகச் சங்கிலி எதுவும் இருக்கக்கூடாது. உள்ளே வரும் அந்தக் கால் மணி நேரத்துக்குக் கணவர் கையில் கொடுத்துவிட்டு வரலாம். கதிர் படும் தோலில் சந்தனம், மஞ்சள், விபூதி பூசுவதையும் சிகிச்சை முடியும்வரை நிறுத்தி வையுங்கள்.

மாற்றினால் நல்லது என்றால் எல்லாருக்கும் வாராவாரம் மாற்றலாமே?

கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை.

பிரான்சில் இதையே சோதித்தார்கள். நடுத்தொண்டைப் புற்றுநோய் வந்த 132 பேரில் ஒரு பாதிக்கு வாராவாரம் புதுப் பிளான், மறு பாதிக்கு ஒரே பிளான். ஒரு வருடம் கழித்து உமிழ்நீர் எவ்வளவு சுரக்கிறது என்று அளந்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. 2023-ல் முடிவு வந்தபோது இந்தத் துறையில் பலருக்கு ஏமாற்றம். அதற்கு முன் எம்.டி. ஆண்டர்சனில் செய்த ஒரு சோதனையிலும், நடுவில் ஒருமுறை பிளான் மாற்றியதால் கட்டிக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் பரோட்டிட் சுரப்பிக்குப் போகும் சராசரி அளவு சுமார் 3 சதவீதம்தான் குறைந்தது.

இதை முதல் பிளானால் வந்த லாபத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிரிட்டனில் 94 பேரை வைத்து நடத்தி 2011-ல் வெளியிட்ட ஆய்வில், பழைய முறையில் கதிர் வாங்கியவர்களில் 74 சதவீதம் பேருக்கு ஒரு வருடம் கழித்தும் வாய் மிதமாகவோ கடுமையாகவோ வறண்டிருந்தது. சுரப்பியைத் தவிர்த்துக் கதிரை வளைத்துக் கொடுக்கும் ஐ.எம்.ஆர்.டி. முறையில் அது 38 சதவீதம். பெரிய லாபம் அங்கேதான் கிடைத்தது. நடுவில் மாற்றுவதன் பலன் சிலருக்கு மட்டும்தான்: கழுத்தில் பெரிய கட்டியோடு வந்தவர்கள், வேகமாக எடை இழப்பவர்கள், கட்டி தண்டுவடத்துக்கோ மூளைத்தண்டுக்கோ ஒட்டியிருப்பவர்கள். மூக்கின் பின்புறத் தொண்டையில் வரும் புற்றுநோய் இந்த ஒட்டியிருக்கும் வகை. நம் நாட்டில் சீனர்களிடமும் சரவாக் பிடாயு மக்களிடமும் அதிகம். நம்மவர்களிடம் அதிகம் வாய்ப்புற்று.

அதனால் "பக்கத்து வீட்டு அண்ணனுக்கு மாத்தினாங்க, எனக்கு ஏன் மாத்தல" என்று சண்டைக்குப் போக வேண்டாம். மாற்றத் தேவை இல்லை என்றால் உங்கள் உடம்பு பிளானை விட்டு விலகவில்லை என்றுதான் பொருள். கேட்பதாக இருந்தால், "என் படத்தைப் பார்த்தீங்களா, பிளானோட பொருந்துதா?" என்று கேளுங்கள்.

கட்டி சின்னதாகிவிட்டதே, கதிர் படும் இடத்தையும் சின்னதாக்கிவிடலாம் அல்லவா?

பொதுவாக அப்படிச் செய்வதில்லை. கண்ணுக்குத் தெரியும் கட்டி கரைந்தாலும், அது இருந்த இடத்தில் படத்தில் தெரியாத புற்றணுக்கள் மிச்சம் இருக்கலாம். புதுப் பிளானில் டாக்டர் கோட்டைத் திருத்துவது, முன்பு சதையாக இருந்த இடம் இப்போது வெறும் காற்றாகவோ, உடம்புக்கு வெளியேவோ போயிருந்தால்தான். நோய் இருந்த எல்லையை அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்க மாட்டார்.

புதுப் பிளான் தயாராக எத்தனை நாள் ஆகும்? அதுவரை சிகிச்சை நிற்குமா?

மறுபடி மாஸ்க், மறுபடி சி.டி., மறுபடி கோடு போடுதல், கணக்கு, சோதனை. இடத்துக்கு இடம் மாறும். சில வேலை நாட்கள் பிடிக்கும். அந்த இடைவெளியில் பழைய பிளானிலேயே தொடர்வதுதான் வழக்கம். அந்தச் சில நாள் பழைய பிளானில் போவதால் வரும் பாதிப்பு சின்னது, நிறுத்தி வைப்பதால் வருவது பெரிது. தண்டுவடம் போல விட்டுக்கொடுக்க முடியாத இடம் ஆபத்தில் இருந்தாலோ, மாஸ்க் சுத்தமாகப் பொருந்தாவிட்டாலோ மட்டும் நிறுத்திக் காத்திருப்பார்கள்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் அதிகம் தவறவிடுவது இதைத்தான். தலை, கழுத்துப் புற்றணுக்களுக்கு ஒரு குணம் உண்டு. சிகிச்சை தொடங்கி நான்கு வாரம் ஆனதும் தப்பிப் பிழைத்தவை முன்பைவிட வேகமாகப் பெருகத் தொடங்கும். 1988-லேயே இதைக் கண்டுபிடித்து, அதன்பின் நீளும் ஒவ்வொரு நாளுக்கும் சுமார் 0.6 கிரே வீணாகிறது என்று கணக்கிட்டார்கள். ஏழு வாரத்தில் முடிய வேண்டியது எட்டு, ஒன்பது வாரம் என்று இழுத்தால் நோய் அடங்கும் வாய்ப்பு நாளுக்கு நாள் குறையும். அதுவும் பிளான் மாறும் நேரமும் இந்த நான்காவது வாரமும் ஒன்றாக வருகின்றன. "புதுப் பிளான் வரட்டும், அதுவரை வீட்ல ரெஸ்ட் எடுக்கலாம்" என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

தீபாவளி, சீனப்புத்தாண்டு, ஹரிராயா விடுமுறையில் கருவி நின்றால் விட்ட நாளை எப்படி ஈடுகட்டுவீர்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். சனிக்கிழமை ஒன்று, அல்லது ஒரே நாளில் ஆறு மணி நேர இடைவெளி விட்டு இரண்டு தடவை என்று கொடுப்பதுண்டு. மகள் கல்யாணம், சித்தப்பா கருமாதி என்று இடையில் நாள் விடுபவர்களுக்கு என்ன சொல்ல! மாப்பிள்ளை வீட்டில் சொல்லிப் பாருங்கள், புரிந்துகொள்வார்கள்.

புதுப் பிளான் என்றால் திரும்ப ஒன்றிலிருந்து எண்ணுவார்களா?

இல்லை. 18 தடவை முடிந்திருந்தால் மிச்சம் இருக்கும் 17 தடவைக்குத்தான் புதுப் பிளான். மொத்தம் மாறாது. முதல் பிளானில் தண்டுவடமும் சுரப்பியும் வாங்கிய அளவையும் சேர்த்துத்தான் கணக்கிடுவார்கள்.

மறுபடி மறுபடி ஸ்கேன் எடுத்தால் கதிர் கூடிவிடாதா?

ஒரு சி.டி.யில் படும் கதிர், ஒருநாள் சிகிச்சையில் படும் 2 கிரேயில் ஒரு சிறு துளிதான். பார்க்காமல் கொடுப்பதுதான் ஆபத்து.

உடம்பு இளைக்காமல் இருக்க என்ன சாப்பிடுவது? தொண்டையில் எச்சில்கூட இறங்கவில்லையே.

இரண்டாவது மூன்றாவது வாரத்தில் வாய்ப்புண் வரும், ருசி போகும், எச்சில் பசைபோல ஆகும். அதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். மிளகாய், புளி, சம்பால் எல்லாம் ஓரமாக நிற்கட்டும். கஞ்சியை வெறும் கஞ்சியாகக் குடித்தால் வயிறு நிறையும், எடை நிற்காது. அதில் முட்டை, பருப்பு, கோழிக்குழம்புச் சாறு, நெய் என்று எதையாவது அடித்துக் கலக்குங்கள். இடியாப்பம் பாலில் ஊறவைத்து, சோயா பால், தவ்வு ஃபா, மைலோவில் பால் மாவு கூடுதலாகப் போட்டு என்று சின்னச் சின்ன வேளையாக ஆறு தடவை. ஹாருவான் மீன் சூப் வைத்துக் கொடுக்கிறோம், சரியா என்று எல்லாரும் கேட்கிறார்கள். விரால் நல்ல புரதம், கொடுங்கள், முள்ளை மட்டும் சுத்தமாக எடுத்துவிடுங்கள். புண் ஆறும் என்று விற்கும் மாத்திரை, கஷாயம் எதுவானாலும் டாக்டரிடம் காட்டாமல் வேண்டாம்.

இனிப்புநீர் உள்ளவர்கள்தான் அதிகம் இளைத்துப்போகிறார்கள். இத்தனை வருடம் "சோத்தைக் குறை, இனிப்பைக் குறை" என்று கேட்டுக் கேட்டு, இப்போதும் குறைத்துக்கொண்டே இருப்பார்கள். இந்த ஏழு வாரத்துக்கு மட்டும் கணக்கு வேறு: சாப்பாட்டைக் குறைக்காமல், மருந்தை டாக்டர் சரிசெய்வார். உணவியலாளரைப் பார்க்கவேண்டும் என்று நீங்களே கேளுங்கள்.

வலி மருந்தைச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன் போடுங்கள். வலியைத் தாங்கிக்கொள்வதால் யாருக்கும் ஒன்றும் கிடைக்கப்போவதில்லை. குழாய் வைக்கச் சொன்னால் மறுக்காதீர்கள். "குழாய் வச்சா அவ்வளவுதான்" என்று நம் ஆட்களுக்கு ஒரு பயம். பெரும்பாலானவர்களுக்கு விழுங்குவது திரும்பியதும் எடுத்துவிடுகிறார்கள். அதுவரை ஒரு வாய் தண்ணீராவது, மருந்தாவது விழுங்கிக்கொண்டே இருந்தால் தொண்டைத் தசை வேலையை மறக்காது.

வெற்றிலை பாக்கு?

நிறுத்துங்கள். புகையிலை இல்லாத வெறும் பாக்கும் புற்றுநோய் வரவழைக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-லேயே சொல்லிவிட்டது. சிகரெட்டும் அப்படியே, சிகிச்சை நடக்கும்போது புகைத்தால் கதிர் வேலை செய்வதே குறைகிறது.

படுத்த இடத்திலேயே அன்றைக்கே பிளானை மாற்றும் புதுக்கருவி வந்துவிட்டதாமே?

வந்துவிட்டது. போகப்போகப் பிளானைத் திருத்தலாம் என்ற யோசனை அமெரிக்காவில் 1997-லேயே பெயரோடு எழுதப்பட்டது. இப்போது ஈத்தோஸ் போன்ற கருவிகள் அன்றைய படத்தை வைத்து, நோயாளி படுத்திருக்கும்போதே புதுக்கணக்குப் போடுகின்றன. யூனிட்டி என்ற கருவியில் எம்.ஆர்.ஐ. சேர்ந்தே இருக்கிறது. வீட்டை அடகு வைத்து அதைத் தேடி ஓட வேண்டுமா என்றால், என் பதில் வேண்டாம். மேலே சொன்ன பிரெஞ்சு ஆய்வை நினைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான கருவியில், நாள் தவறாமல், எடை இறங்காமல், லூசானால் உடனே சொல்லி முடிக்கும் சிகிச்சையை நான் அதைவிட மேலாக மதிக்கிறேன்.

கூடுதல் நாள், கூடுதல் பயணம், செலவுக்கு என்ன வழி?

தென்னமரம் பக்கத்தில் இருந்து புத்ராஜெயா போய்வரவே ஒரு பகல் போய்விடும். டோலும் எண்ணெயும் தனி. மருத்துவமனையில் மருத்துவ சமூகப்பணி அதிகாரி இருப்பார். அவரைப் பார்க்க டாக்டரிடம் கடிதம் கேளுங்கள். தங்கும் இடம், கட்டண உதவி இரண்டையும் அவர் மூலமாகத்தான் கேட்க வேண்டும். வருமானம் குறைந்த குடும்பங்களுக்காக அரசாங்கம் 2019-ல் தொடங்கிய பெக்கா பி40 சுகாதாரத் திட்டத்தில் சிகிச்சையை முடிப்பதற்கு ஊக்கத்தொகையும் போக்குவரத்து உதவியும் வைத்திருக்கிறார்கள். தகுதி இருக்கிறதா என்று முதல் வாரமே விசாரியுங்கள். மக்னா என்ற தேசியப் புற்றுநோய் மன்றமும் வசதி குறைந்த நோயாளிகளுக்கு உதவுகிறது. பெர்கேசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சந்தா கட்டியவர் வேலைக்குத் திரும்ப முடியாத நிலை என்றால் அவர்களுடைய இயலாமை ஓய்வூதியத்துக்கும் மனுப் போடலாம். எம்.சி. தாளையெல்லாம் ஒரு கோப்பில் பத்திரமாக வையுங்கள், கிராணி கேட்கும்போது தேட வேண்டாம்.

புது மாஸ்க்கும் சில வாரத்தில் லூசாகிவிட்டால்?

மறுபடி சொல்லுங்கள். இரண்டு தடவை பிளான் மாற்றியவர்களும் உண்டு. எம்.டி. ஆண்டர்சன் சோதனையில் 22 பேரில் 8 பேருக்கு இரண்டாவது முறையும் தேவைப்பட்டது. கடைசி நான்கைந்து தடவைதான் மிச்சம் என்றால் புதுப்பிளான் தயாராவதற்குள் சிகிச்சையே முடிந்துவிடும். அப்போது மாஸ்க்குக்குள் அட்டை, மெத்தை வைத்து அசைவை நிறுத்தி, தினமும் படம் பார்த்து முடித்துவிடுவார்கள். எது செய்வது என்று அவர்கள் முடிவு செய்யட்டும். லூசாக இருக்கிறது என்று சொல்ல வேண்டியது உங்கள் வேலை.